யாரும் கூப்பிடாத நம்பர்

என் அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே வேலையைப் பார்க்கிறார். அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது. "டெலிபோன் ஆபரேட்டரா?" என்பார்கள். இல்லை. "கால் சென்டரா?" இல்லை. "அப்ப என்னதான் பண்றாங்க?" என்று கேட்கும்போதே ஏதோ திருட்டு வேலை செய்கிறார் என்கிற சந்தேகம் அவர்கள் முகத்தில் வந்துவிடும். அதே அலுவலகத்தில் அவருக்கு இரண்டு மேசை தள்ளி ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். அதனால் ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் யாரும் கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒட்டியிருக்கும். கூப்பிடுகிற உங்களுக்குச் செலவு கிடையாது, கம்பெனி கட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒயர் எதுவும் இல்லை. அது வெறும் பெயர்ப்பலகை. நீங்கள் அதை அழுத்தினால், எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தக் கிழமையில் கூப்பிடுகிறீர்கள் என்று பார்த்து உங்களை எந்த மேசைக்கு அனுப்புவது என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். அப்படி எழுதுகிற ஆள்தான் என் அண்ணி. நாட்டுக்கெல்லாம் பொதுவாக ஒரு பதிவகம் இருக்கிறது. அதிலிருந்து எண்ணை எடுத்து, வழி எழுதி, கம்பெனிகளுக்காகப் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பிழைப்பு. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி, ஏழு பேர், நான்கு ஜன்னல். அதில் திறப்பது ஒன்றுதான், அதைத் திறந்தால் ரப்பர் நாற்றம்.

வழி எழுதும்போது ஒரு இலக்கம் மாறினால் போச்சு. எங்களுடைய போட்டிக் கம்பெனி ஒன்றில் அப்படி மாறி, மூன்று நாள் ஃபிரிட்ஜ் புகார்கள் எல்லாம் சவப்பெட்டிக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. "உள்ள வெச்சதெல்லாம் கெட்டுப் போகுதுங்க" என்று ஒரு அம்மா சொன்னதும் கடைக்காரர் மயங்காத குறைதான். அண்ணி இருபத்தாறு வருடத்தில் ஒரு இலக்கம் மாற்றியதில்லை. மொத்த எண்களும் தலைக்குள் இருப்பதால் முதலாளி அவரை 'டைரக்டரி' என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதெல்லாம் வேறு கதை.

எங்களிடம் இருந்த அறுநூற்றுச் சொச்சம் எண்களில் அண்ணி பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டது ஒன்றை. ஒரு கிளை ரயில் பாதையில் அறுபத்துமூன்று ரோடு கேட்டுகள். எதிலும் கேட் கீப்பர் கிடையாது, தடுப்புக் கம்பு தானாக இறங்கும், தானாக ஏறும். ஒவ்வொரு கேட்டிலும் ஒரு நீலத் தகடு. 'தண்டவாளத்தில் வண்டி மாட்டிக்கொண்டால் உடனே அழைக்கவும்' என்று எழுதி, கீழே எங்கள் கட்டணமில்லா எண். கூப்பிட்டால் ரயில் கன்ட்ரோல் ரூமில் ஒரு மேசையில் மணி அடிக்கும். அங்கே இருப்பவர் சிக்னலைச் சிவப்பாக்கி, வண்டியை நிறுத்திவிடுவார். வருடத்துக்கு ஐந்தாறு கால் வரும். அவ்வளவுதான்.

அந்தப் பாதையில் வாரத்தில் நான்கு நாள் ரயில் ஓட்டுகிறவர் என் அண்ணன். அண்ணி அந்த எண்ணுக்கு ஏன் அப்படி உயிரை விட்டார் என்று இப்போது புரிந்திருக்கும்.

இனிமேல்தான் எனக்குக் கோபம் வரும் இடம்.

நாட்டில் கட்டணமில்லா எண்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன என்று தொலைத்தொடர்பு ஆணையம் திடீரென்று கண்டுபிடித்தது. ஏன் தீர்ந்தன? நல்ல நல்ல எண்களை, ஒரே இலக்கம் வரிசையாக வருவது, மனதில் நிற்பது என்று பார்த்துப் பார்த்து, நாலைந்து புண்ணியவான்கள் ஆயிரக்கணக்கில் எடுத்துப் பதுக்கி வைத்துக்கொண்டு, வேண்டுகிறவர்களுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நியாயப்படி அந்த நாலைந்து பேரைப் பிடித்து உதைத்திருக்க வேண்டும். ஆணையம் என்ன செய்தது? எலிக்குப் பயந்து வீட்டையே கொளுத்தியது. தொடர்ந்து மூன்று மாதம், மாதத்துக்கு இருபது கால்கூட வராத எண் எல்லாம் 'உறங்கும் எண்' என்று ஒரு விதி போட்டது. உறங்கும் எண்ணைப் பிடுங்கிப் பொதுவில் போட்டுவிடுவார்கள். கேட்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பதுக்கியவர்களுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. அவர்கள் இயந்திரத்தை வைத்துத் தங்கள் எண்களுக்குத் தாங்களே கால் போட்டுக்கொண்டார்கள். மாட்டியது நாங்கள்.

நோட்டீஸ் வந்த அன்று அண்ணி ஆணையத்தைக் கூப்பிட்டார். அவர்களுடைய கட்டணமில்லா எண்ணில்தான். நாற்பத்தேழு நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு அதிகாரி வந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"மேடம், இந்த நம்பர்ல மூணு மாசத்துல ரெண்டே ரெண்டு கால். இத வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"ரெண்டு வந்ததே எங்களுக்கு வருத்தம் சார்."

"புரியல."

"யாரும் கூப்பிடாம இருந்தா நல்லதுன்னு வெச்சிருக்கிற நம்பர் சார் இது. ரயில்வே கேட்ல வண்டி மாட்டினா மட்டும்தான் கூப்பிடுவாங்க."

"யாரும் கூப்பிடாத நம்பர் எதுக்கு மேடம்?"

அண்ணி கண்ணை மூடித் திறந்தார். "சார், உங்க ஆபீஸ்ல தீயணைக்கிற சிலிண்டர் ஒண்ணு செவுத்துல மாட்டியிருக்கும்ல? அது மூணு மாசமா சும்மா இருக்குன்னு கழட்டிடுவீங்களா?"

அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார் போலிருக்கிறது. பிறகு, "அது வேற டிபார்ட்மென்ட் மேடம்" என்றார்.

விதிவிலக்குக்கு ஒரு படிவம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். படிவத்தைத் திறந்தோம். அவசர சேவையின் வகை: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், இதர. 'இதர'வை அழுத்தினால் அடுத்த கேள்வி, மாதச் சராசரி அழைப்புகள். அண்ணி ஒன்று என்று போட்டார். 'குறைந்தபட்சம் ஐம்பது' என்று சிவப்பில் வந்தது. அவசரம் என்றால் மாதம் ஐம்பது தடவை வர வேண்டுமாம், இல்லாவிட்டால் அது அவசரம் இல்லையாம். இப்படி ஒரு படிவத்தை உட்கார்ந்து யோசித்து எழுதியவரை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"ஐம்பதுன்னு போட்டுத் தள்ளுங்க அண்ணி. யாரு எண்ணப் போறா?" என்றேன்.

"பொய் சொல்லி வாங்கினா அந்தப் பொய்ய வருஷா வருஷம் காப்பாத்தணும். எனக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது" என்றார், அறுநூறு எண்ணை மனப்பாடமாக வைத்திருக்கிற மனுஷி.

சரி, எண் போனால் தகடுகளை மாற்றிவிடலாமா என்று ரயில்வேயைக் கேட்டால், அறுபத்துமூன்று தகடுக்கு டெண்டர் விட்டு முடிக்க இரண்டு வருடம் என்றார்கள். அதற்குள் எங்கள் எண்ணை ஒரு மெத்தைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். தண்டவாளத்தில் வண்டி மாட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூப்பிடுகிறவனுக்கு, இரண்டு மெத்தை எடுத்தால் தலையணை இலவசம் என்று பதில் வரும்.

கடைசியில் அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். "கால் வந்தாத்தானே விடுவாங்க? நாமளே கூப்பிடுவோம். ஆனா ஒழுங்கா கூப்பிடுவோம்" என்றார். ஏழு பேர், ஆளுக்கு மாதம் மூன்று கால், மொத்தம் இருபத்தொன்று. அவரவர் சொந்தக் கைப்பேசியிலிருந்து, வேறு வேறு நேரத்தில். எடுத்ததும் 'சோதனை அழைப்பு' என்று சொல்லி, ஒரு கேட்டின் எண்ணைச் சொல்லி, கன்ட்ரோல் ரூம்காரர் அதைத் திரும்பச் சொல்லும்வரை லைனில் இருக்க வேண்டும். அரை நிமிடத்துக்குக் குறையக் கூடாது. யார் எப்போது என்று ஒரு தாளில் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். இதில் பொய் எதுவும் இல்லை, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என்பது அவர் கட்சி. உண்மையிலேயே ஒரு தடவை கன்ட்ரோல் ரூம் மேசையின் மணி பழுதாகிக் கிடந்ததை இந்தச் சோதனையில்தான் கண்டுபிடித்தோம்.

ஒரு வருடம் இப்படியே ஓடியது. வீட்டில் அண்ணன் கேலி செய்வார். "நான் ரயிலோட்டுறேன், உங்க அண்ணி எனக்காக நாடு முழுக்க ரோடு காட்டுறா. இதுல யாரு பெரிய டிரைவர்?" என்பார். அண்ணி, "ரோடு காட்டுறவ சொல்றேன், பாத்ரூம் லைட்ட அணைங்க" என்பார்.

அப்புறம் அண்ணியின் மகளுக்குப் பிரசவம். மூன்று வாரம் மகள் வீட்டில் இருக்கக் கிளம்பினார். பெட்டியை மூடும்போது என்னைக் கூப்பிட்டு, "நாத்தனாரே, அந்தத் தாள் உன் பொறுப்பு. என் மெயிலையும் தினம் பாரு" என்றார். சரி என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்து என்ன ஆகப் போகிறது.

அந்த மாதம் இரண்டு பேர் லீவு. முதலாளி இரண்டு தடவை கூப்பிடுவார், மூன்றாவதை மறந்துவிட்டு, கூப்பிட்டேனே என்று சாதிப்பார். கன்ட்ரோல் ரூம்காரர் வேறு, "ஏம்மா, உங்களோட கேட் நம்பர் சொல்லி விளையாடத்தான் எனக்குச் சம்பளமா?" என்று எரிந்து விழுந்தார். இதற்குள் எங்களுடைய மற்ற கம்பெனிகளுக்கும் உறங்கும் எண் நோட்டீஸ் வர ஆரம்பித்து, மொத்தம் முப்பத்தெட்டு எண்கள் என் தலையில் விழுந்தன. முப்பத்தெட்டு எண், தலைக்கு இருபது கால். கணக்குப் போட்டுப் பார்த்ததும் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. 'இந்த ஆணையத்துக்கு எண்ணிக்கைதானே வேண்டும்? இந்தா, கொட்டிக்கொள்' என்று ஒரு ஆத்திரம்.

வழி சரியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் தானாக டயல் செய்கிற ஒரு பொறி உண்டு. அதில் முப்பத்தெட்டு எண்ணையும் ஏற்றினேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு, வரிசையாக, எண்ணுக்கு இரண்டு தடவை, தடவைக்கு ஆறு நொடி. கட். அடுத்தது. ஆறே நொடி என்பதால் கன்ட்ரோல் ரூம்காரருக்கும் தொல்லை இல்லை. இரண்டு வாரத்தில் எல்லா எண்ணும் இருபதைத் தாண்டிவிட்டது. டீ குடித்துக்கொண்டே வேலையை முடித்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அண்ணி போன் செய்து கேட்டபோது, "எல்லாம் அது பாட்டுக்கு நடக்குது அண்ணி, நீங்க பேரனைப் பாருங்க" என்றேன்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

தொலைபேசிக் கம்பெனிகள் அப்போதுதான் ஒரு புதுக் காவல் இயந்திரத்தை வைத்திருந்தன. கட்டணமில்லா எண்களுக்கு இயந்திரத்தை வைத்துப் பொய் கால் போட்டு, எண்ணின் சொந்தக்காரர் கட்டுகிற பணத்தில் பங்கு அடிக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பிடிக்க வைத்த பொறி அது. ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், எல்லாம் ஒரே அளவு குட்டிக் கால்கள் வந்தால் அது திருட்டு. அதற்கு அவ்வளவுதான் தெரியும். ஏழு மனிதர்கள் ஏழு நேரத்தில் அரை நிமிடம் பேசியதை அது ஒரு வருடமாகத் தொடவில்லை. என் ஆறு நொடியை இரண்டு வாரத்தில் பிடித்துவிட்டது. பதுக்கல்காரர்கள் அதற்குள் நொடியை மாற்றி மாற்றிப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், அதனால் அவர்களை அது தொடவில்லை என்று பிறகு தெரிந்தது. ஊரில் இருக்கிற திருடனையெல்லாம் விட்டுவிட்டு என்னைப் பிடித்தது.

தொலைபேசிக் கம்பெனியின் எச்சரிக்கை மெயில் அண்ணியின் பெட்டிக்கு வந்தது. வந்ததை நான் பார்த்தேன். தலைப்பில் 'கண்காணிப்பு அறிக்கை, தங்கள் தகவலுக்காக' என்று இருந்தது. தகவலுக்கு என்றால் வேலை ஒன்றுமில்லை என்று அர்த்தம், எந்த அலுவலகத்திலும் அப்படித்தானே? திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை முப்பத்தெட்டு எண்களையும் அவர்கள் நிறுத்தி வைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்கால். பாதையின் நாற்பத்தோராவது கேட்டில், வளைவை ஒட்டி, காலியான பால் டேங்கர் ஒன்றின் பின்சக்கரம், வண்டிகள் கடக்கப் பதித்திருந்த பலகையிலிருந்து நழுவித் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் இறங்கிவிட்டார். சுற்றி இருந்தவர்கள் நீலத் தகட்டைப் பார்த்து அந்த எண்ணைக் கூப்பிட்டார்கள். பதினோரு நிமிடம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ரயிலை நிறுத்த இரண்டு நிமிடம் போதும்.

அந்த ரயிலை ஓட்டி வந்தது என் அண்ணன். வளைவு திரும்பியதும் பார்த்து பிரேக்கை இழுத்துப் பிடித்தார். வேகம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, ஆனாலும் போய் இடித்தது. பயணிகளுக்கு வீக்கம், சிராய்ப்பு. அண்ணனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாக உடைந்தது, விலா எலும்பு இரண்டு போனது. உயிர் போகவில்லை.

நான் அலுவலகத்தில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம்காரர். விஷயத்தைச் சொல்லிவிட்டு, "ஏம்மா, உங்க நம்பர்ல ஒரு கால்கூட வரலையே? அங்க எல்லாரும் கூப்பிட்டோம் கூப்பிட்டோம்னு கத்துறாங்க" என்றார். அந்த எண்ணை நானே அழுத்தினேன். 'நீங்கள் அழைத்த எண் தற்போது பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அதே நேரம் பின்னால் என் டயல் பொறி ஒன்பது மணிக் கால்களை ஆரம்பித்தது. ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

மதியம் அண்ணி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணனைப் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தவரிடம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எத்தன நொடி?" என்றார்.

"ஆறு."

"எல்லாத்துக்கும் ஆறா?"

"ஆமா அண்ணி."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அங்க இருந்தே கூப்பிட்டிருப்பேனேம்மா. கைக்குழந்தைய மடியில வெச்சுக்கிட்டுக்கூடக் கூப்பிட்டிருப்பேன்" என்றார். அதன்பிறகு நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஒரே வீட்டில், மாடிக்கும் கீழுக்குமாக இருந்துகொண்டு, ஒரே பஸ்ஸில் போய்க்கொண்டு.

அந்த நான்கு நாளில் இரண்டு நாள் எண்ணைத் திரும்ப உயிர்ப்பிப்பதில் போனது. தொலைபேசிக் கம்பெனி, ஆணையம் சொன்னால்தான் விடுவோம் என்றது. ஆணையம், நாங்கள் எதையும் நிறுத்தவில்லையே, நாங்கள் எப்படி விடச் சொல்வது என்றது. அண்ணி இரண்டு பேரையும் ஒரே காலில் இணைத்துவிட்டு, "இப்ப ரெண்டு பேரும் பேசிக்குங்க, நான் வைக்க மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து எண் திரும்ப வந்தது.

இனி ரயில் ஓட்ட முடியாது, மேசை வேலைதான் என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நானே போய் அண்ணனிடம் என் தப்பைச் சொன்னேன். மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "முப்பது வருஷமா எது நடந்தாலும் சிக்னல்காரனத்தான் திட்டுவேன். கடைசியில என் தங்கச்சியா?" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஆணையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலாளி அதைக் கையில் ஆட்டிக்கொண்டே அறைக்குள்ளிருந்து ஓடி வந்து உரக்கப் படித்தார். மேற்படி எண்ணுக்குக் குறிப்பிட்ட ஒரே நாளில் முப்பத்தொரு அழைப்புகள் வந்திருப்பது பதிவகக் கணக்கில் தெரிய வருவதால், அது செயலில் உள்ள எண்ணாகக் கருதப்பட்டு, உறங்கும் எண் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

"டைரக்டரி, ஜெயிச்சிட்டோம்! நிரந்தரமாம்!" என்று கைதட்டினார்.

எந்த நாள் என்று நான் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை. பதிவகத்துக்கு யாராவது எடுத்தார்களா இல்லையா என்பது கணக்கில்லை. அழுத்தினார்களா என்பதுதான் கணக்கு. ஒரு ஆள்கூட எட்டிப் பிடிக்க முடியாமல் போன அந்தப் பதினோரு நிமிடம்தான் எங்கள் எண்ணைக் காப்பாற்றியிருந்தது. அந்தக் கடிதத்தைச் சுக்கு நூறாகக் கிழித்து ஆணையத்தின் வாசலில் போய்க் கொட்ட வேண்டும் போலிருந்தது. வாய்க்கு வந்தபடி கத்தினேன். கீழே டயர் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

அண்ணி கடிதத்தை வாங்கி ஒரு தடவை படித்தார். "கத்தாத. அந்த முப்பத்தொண்ணு யாரு யாருன்னு எடு" என்றார்.

"எதுக்கு அண்ணி?"

"கூப்பிட்டவங்களுக்குப் பதில் சொல்ல வேணாமா?"

பதிவகத்திலிருந்து பட்டியல் எடுத்தேன். முப்பத்தொரு அழைப்பு. நான் அழுத்திய ஒன்றைக் கழித்தால் ஒன்பது கைப்பேசிகள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அண்ணி கூப்பிட ஆரம்பித்தார். யார் என்று தெரியட்டும் என்று அந்தக் கேட் எண்ணே அவர்கள் திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டார். முதல் மூன்று பேர் எடுக்கவே இல்லை. கட்டணமில்லா எண்ணிலிருந்து கால் வந்தால் இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள்? நான்காவது ஆள் எடுத்து, "லோன் வேணாம்னு எத்தன தடவ சொல்றது?" என்று கத்திவிட்டு வைத்தார். அண்ணி திரும்பவும் அவரைக் கூப்பிட்டார், திரும்பவும் திட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு பேரிடம் பேச முடிந்தது. இருவருக்கும் அந்த நாள் ஞாபகம் இருந்தது, அதற்கு மேல் பேச விருப்பமில்லை. அடுத்த இரண்டு எண்கள் அணைந்து கிடந்தன.

கடைசி எண்ணுக்கு எதிரே, முப்பத்தொன்றில் பதினான்கு அழைப்புகள் இருந்தன. அண்ணி அதை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ?" ஒரு பெண் குரல். பின்னால் தையல் மிஷின் ஓடி நின்ற சத்தம்.

"அம்மா, ரயில்வே கேட் அவசர நம்பர்ல இருந்து பேசுறேன். போன மாசம் ஒரு திங்கக்கிழமை காலையில நீங்க இந்த நம்பருக்குக் கூப்பிட்டிருந்தீங்க."



"பதினாலு தடவ கூப்பிட்டேன்" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா. பதினாலு தடவ."

"இப்பத்தான் எடுக்குறீங்களா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "ரயில் போயிடுச்சேம்மா."

அறையில் இருந்த ஆறு பேரும் வேலையை நிறுத்திவிட்டோம்.

"என் கட ஜன்னலுக்கு நேர் எதிர்லதான் கேட்" என்றாள் அவள். "அந்த ரயில் டிரைவர் உள்ள உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிஞ்சுச்சு. மூஞ்சி தெரிஞ்சுச்சு. நான் போன காதுல வெச்சுக்கிட்டு அவரையே பார்த்துட்டு நின்னேன். அவரு இருக்காராம்மா? யாரக் கேட்டாலும் தெரியலங்கிறாங்க."

"இருக்காரு. கால்லதான் அடி. என் வீட்டுக்காரர்தான்மா அவரு."

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. அழுதுகொண்டே, "எல்லாரும் நம்பர தப்பா அடிச்சிருப்பேன்னு சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். பதட்டத்துல ஏதோ ஒரு நம்பர மாத்தி அடிச்சுட்டேன்னு இத்தன நாளா… நான் ஒழுங்காத்தான் அடிச்சேனாம்மா?" என்றாள்.

"ஒழுங்காத்தாம்மா அடிச்சீங்க. பதினாலு தடவையும் ஒழுங்கா அடிச்சீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப ஏம்மா யாரும் எடுக்கல?"

அண்ணி ஸ்பீக்கரை அணைத்தார். ரிசீவரை எடுத்து, நாற்காலியைத் திருப்பி, இரண்டு மேசை தள்ளி இருந்த என்னைப் பார்த்து நீட்டினார்.

"இங்க வா. இத நீ சொல்லு" என்றார்.

என் வாய்க்கு ஊரே பயப்படும். ஆணையத்தையும், அதிகாரியையும், தொலைபேசிக் கம்பெனியையும் ஒரு வருடமாக நான் திட்டாத திட்டு இல்லை. போய் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தாள். "ஹலோ, இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா" என்றேன். "அது என்னாலதான்."